இயற்பியல் ஆசிரியர் இல்லாத வகுப்பும் "பணம் வரவில்லை" என்ற பதிலும்

திருநெல்வேலி மாவட்டம் மானூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சார் சென்ற மே மாதத்தோடு ஓய்வு பெற்றுவிட்டார். தற்காலிகமாக வந்த அக்கா மூன்று மாதமாகச் சம்பளம் வராமல் தீபாவளியோடு நின்றுவிட்டார்கள். வேதியியல் ஆய்வகத்தில் 38 பேருக்கு ஒழுகாத பியூரெட் (திரவம் அளக்கும் கண்ணாடிக் குழாய்) நான்குதான். யாரைக் கேட்டாலும் டெல்லியிலிருந்து பணம் வரவில்லை என்கிறார்கள். அம்மாவோ, 'எல்லாத்துக்கும் ரூவா வரலன்னுதாம் சொல்லுதாவ' என்று சொல்லிவிட்டுப் பீடிச் சுளகை மடிக்கு இழுத்துக்கொள்கிறாள். கல்விக்கான பணத்தை வெட்டுவதுதான் கொள்கையா? நாங்கள் யார்மேல் கோபப்படுவது?"

கல்வித் துறை அலுவலகங்களின் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் ஒரே பணப்பையைச் சேர்ந்தவை அல்ல என்பதையும், "பணம் வரவில்லை" என்ற ஒரே பதிலைக் கொண்டு மூன்றையும் மூடிவிடுவது அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு மிகவும் வசதியானது என்பதையும் முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வசதியை நானும் அனுபவித்தவன்.

முதலில் இயற்பியல் ஆசிரியர். அரசுப் பள்ளியின் முதுகலை ஆசிரியருக்கு மாநில அரசு தன் நிதிநிலை அறிக்கையிலிருந்து, கருவூலம் வழியாகச் சம்பளம் தருகிறது. அந்த நாற்காலி காலியாக இருப்பதற்கும் டெல்லிக்கும் தொடர்பு இல்லை. பள்ளிக் கல்விக்கு மாநிலம் ஒதுக்கிய தொகையும் குறைந்துவிடவில்லை. 2024-25இல் 44,042 கோடி ரூபாயாக இருந்தது 2025-26இல் 46,767 கோடியாக உயர்ந்தது. இந்தத் தொகையின் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகிறது. அப்படியிருந்தும் உங்கள் வகுப்புக்கு ஆசிரியர் ஏன் இல்லை?

ஒரு பணியாளர் எந்த நாளில் ஓய்வு பெறுவார் என்பது அவர் வேலையில் சேர்ந்த அன்றே பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் உள்ள பிறந்த தேதியிலிருந்து தெரிந்துவிடும். இடையில் இரண்டு முறை மட்டும் அந்தக் கணக்கு தள்ளிப்போனது. ஓய்வு வயது 2020 மே மாதத்தில் 58இலிருந்து 59 ஆகவும், 2021 பிப்ரவரியில் 60 ஆகவும் உயர்ந்தது. கல்வியாண்டின் நடுவில் அறுபது முடிகிற ஆசிரியரை ஆண்டு இறுதிவரை மறுநியமனத்தில் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. உங்கள் சார் மே மாதத்தில் போனது அநேகமாக அப்படித்தான் இருக்கும். ஆகவே அந்த இடம் காலியாகும் என்பது அலுவலகத்துக்குக் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் ஆள் வராததற்குக் காரணம் ஆள்சேர்ப்பின் வேகம். ஆசிரியர் தேர்வு வாரியம் முதுகலை ஆசிரியர் பணிக்கு 2021இல் 2,207 இடங்களை அறிவித்து 2022 தொடக்கத்தில் தேர்வு நடத்தியது. அதற்கடுத்த தேர்வு, 1,996 இடங்களுக்கு, 2025 அக்டோபரில்தான் நடந்தது. நடுவே மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அத்தனை ஆண்டும் ஆசிரியர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே இருந்தார்கள்.

இடைவெளியை நிரப்ப வந்த ஏற்பாடுதான் உங்கள் "தற்காலிக அக்கா". பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை அமர்த்திக்கொள்ளலாம் என்று 2022இல் அரசு ஆணையிட்டது. அப்போது இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய் என்று மதிப்பூதியம் வைத்தார்கள். பின்னர் அது 12,000, 15,000, 18,000 என்று உயர்ந்தது. நிரந்தர முதுகலை ஆசிரியருக்குத் தொடக்கநிலை அடிப்படை ஊதியம் மட்டுமே 36,900 ரூபாய். அகவிலைப்படி அதற்கு மேல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே கழித்துப் பார்க்கலாம். பட்ஜெட் உரையில் எங்கும் வெட்டு என்ற சொல் வராது; ஆனால் நிரப்பப்படாத ஒவ்வொரு நாற்காலியும் அரசுக்கு மாதந்தோறும் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. யாரும் திட்டமிட்டு அப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தாமதத்தால் அரசுக்குச் செலவு கூடுவதில்லை, குறைகிறது. ஆகவே தாமதத்தைக் குறைக்கச் சொல்லி நிதித் துறையிலிருந்து யாரும் தொலைபேசியில் கூப்பிடுவதில்லை. இதைப் பல ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

அந்த அக்காவுக்குத் தர வேண்டிய பணமும் மாநிலத்தின் பணம்தான். மூன்று மாதம் நின்றிருந்தால் அது சம்பளப் பட்டியல் ஏதோ ஒரு மேசையில் நின்ற மூன்று மாதம்.

இதைவிட உங்கள் பள்ளியை அதிகம் அச்சுறுத்துவது வேறொன்று. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் செய்வார்கள். அதற்கு அடிப்படை 1997 டிசம்பரில் வந்த அரசாணை 525. எங்கள் அலுவலகத்தில் "ஐந்நூற்று இருபத்தைந்து" என்றால் ப்யூன் உட்பட எல்லோருக்கும் தெரியும். எண்ணிக்கை குறைந்தால் இடம் "உபரி" ஆகிவிடும். உபரியானதைப் பணி நிரவலில் வேறு பள்ளிக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். இப்போது உங்கள் ஊரில் என்ன நடக்கும்? இயற்பியல் ஆசிரியர் இல்லை என்று தெரிந்ததும் பஸ் செலவுக்கு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பாளையங்கோட்டைக்குப் போய்விடுவார்கள். அடுத்த ஆண்டு முதல் குரூப்பில் 38 பேர் 20 ஆவார்கள். அப்போது அலுவலகக் குறிப்பில் ஒரு வரி எழுதப்படும்: "மாணவர் எண்ணிக்கை குறைவாக உள்ளதால்..." ஆசிரியரை அனுப்பாததால் எண்ணிக்கை குறைந்தது, எண்ணிக்கை குறைந்ததால் ஆசிரியர் தேவையில்லை. இத்தகைய குறிப்புகளைத் தயாரித்து மேலதிகாரியின் கையொப்பத்துக்கு வைத்தவர்களில் நானும் ஒருவன். முதல் வரிக்கு முன்னால் என்ன நடந்தது என்று எழுதக் குறிப்பில் இடம் இருக்காது.

இனி டெல்லி. உங்கள் தலைமையாசிரியர் சொல்வது முழுப் பொய்யில்லை. 2001இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வித் திட்டத்தையும், 2009இல் வந்த இடைநிலைக் கல்வித் திட்டத்தையும், ஆசிரியர் கல்விக்கான திட்டத்தையும் 2018இல் ஒன்றாக்கி "சமக்ர சிக்ஷா" என்று பெயர் வைத்தார்கள். தமிழில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி, பள்ளிகளில் இன்றும் "எஸ்.எஸ்.ஏ. பணம்" என்றுதான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு இதில் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40. ஓவியம், உடற்கல்வி, தையல் எனச் சொல்லிக்கொடுக்க 2012இல் 5,000 ரூபாய்க்கு அமர்த்தப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள், வட்டார வள மையப் பணியாளர்கள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள், பள்ளி மானியம் எல்லாம் இந்தத் தலைப்பில் வருபவை.

2024-25ஆம் ஆண்டுக்கு இத்திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய ஒன்றியப் பங்கு 2,152 கோடி ரூபாய். அது நிறுத்தப்பட்டது. காரணம், 2022இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த, 14,500 பள்ளிகளுக்கான "பி.எம். ஸ்ரீ" என்ற வேறொரு திட்டம். அதன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை முழுவதும் ஏற்றதாகிவிடும். மும்மொழிக்கு அது வழிவிடும் என்பது மாநிலத்தின் வாதம். 1968இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய இருமொழித் தீர்மானத்திலிருந்து இந்த மாநிலத்தின் எந்த அரசும் விலகியதில்லை. கையெழுத்திடுவதாக 2024 மார்ச்சில் மாநிலத் தலைமைச் செயலாளர் எழுதிய கடிதத்தைக் காட்டி, சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டது நீங்கள்தான் என்பது ஒன்றிய அமைச்சரின் வாதம். அந்த ஆண்டு செப்டம்பர் மாதச் சம்பளம் திட்டப் பணியாளர்களுக்கு உரிய நாளில் வரவில்லை. 2025 மே மாதம் அரசமைப்புச் சட்டத்தின் 131ஆம் உறுப்பின்கீழ், வட்டியோடு 2,291 கோடி கேட்டு மாநிலம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

பணத்தை நிறுத்தி வழிக்குக் கொண்டுவருவது நம் சீமைக்குப் புதிதில்லை என்பதால் ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். நூறாண்டுக்கு முன் சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு முதலில் 5,000 கொடுத்தது. பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைக்கிறார்கள் என்று தெரிந்ததும், மீதியைத் தர முடியாது என்று நின்றார் அப்போது கமிட்டியின் செயலாளராக இருந்த பெரியார். பணத்தோடு நிபந்தனை வருவதே தவறு என்றால் பெரியார் செய்ததும் தவறாகிவிடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே பணம் எந்தப் பந்திக்குப் போகிறதோ அந்தப் பந்தியைப் பற்றியதே நிபந்தனை. இங்கே ஒரு திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக இன்னொரு திட்டத்தின் பணம் நிற்கிறது. ஊனமுற்ற குழந்தைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் பெண்ணின் சம்பளத்துக்கும் மும்மொழிக்கும் என்ன தொடர்பு? கல்வி 1976இல் 42ஆம் திருத்தத்தின் வழியே மாநிலப் பட்டியலிலிருந்து, ஒன்றியமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போனதன் பலனை ஐம்பதாண்டு கழித்து நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் மாநிலத்தையும் நான் முழுதாக விட்டுவிடமாட்டேன். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் ஏழைப் பிள்ளைகளை இலவசமாகச் சேர்ப்பதற்காகத் தனியார் பள்ளிகளுக்குத் தரவேண்டிய ஈட்டுத்தொகை குறித்த வழக்கில் 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பணத்தைத் தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைக்கத் தேவையில்லை என்று ஒன்றிய அரசுக்குச் சொன்னது. அதே தீர்ப்பில், டெல்லி தரவில்லை என்பதைக் காட்டி மாநிலம் தன் சட்டக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் சொன்னது. மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவரவருக்கு வேண்டிய பாதியை மட்டும் படிக்கிறார்கள்.

    

டெல்லிப் பணத்துக்குள்ளேயே மிகச் சிறிய பை ஒன்று உண்டு. உங்கள் பியூரெட் அதில்தான் இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்று ஆண்டுதோறும் ஒரு தொகை உண்டு. 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். பழுதான கருவிகளை மாற்றவும் ஆய்வகப் பொருள்கள் வாங்கவும் மின்கட்டணம் கட்டவும் இதைச் செலவிடலாம். குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். இதுவும் 60:40 திட்டத்தின் பணம்தான் என்பதால், தகராறு நடந்த காலத்தில் இது தாமதமானது என்று தலைமையாசிரியர் சொன்னால் நம்பலாம். ஆனால் பியூரெட்டுகள் ஒரே ஆண்டில் ஒழுகத் தொடங்கியிருக்காது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் மானியத்தில் என்ன வாங்கினார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

முன்பெல்லாம் மானியம் பள்ளியின் வங்கிக் கணக்கில் வந்து விழும். செலவழியாத பணம் அடுத்த ஆண்டுக்கும் கிடக்கும். 2021இலிருந்து முறை மாறிவிட்டது. பள்ளியின் கணக்கு எப்போதும் பூஜ்யத்தில் இருக்கும். மாநில அளவில் உள்ள ஒரே கணக்கிலிருந்து இவ்வளவு செலவழிக்கலாம் என்று ஒரு வரம்பு மட்டும் கொடுப்பார்கள். மார்ச் 31 வரை எடுக்காத வரம்பு போய்விடும். வரம்பு பிப்ரவரியில் வந்தால் மார்ச்சுக்குள் கொட்டேஷன் வாங்கி, தீர்மானம் போட்டு, பொருளை இறக்கி, ரசீதை ஏற்ற வேண்டும். அந்த அவசரத்தில் கடைக்காரர் எதைக் கையில் வைத்திருக்கிறாரோ அதைத்தான் பள்ளி வாங்கும். ஒரு மேல்நிலைப் பள்ளியின் பண்டகப் பதிவேட்டில் ஒரே மார்ச் மாதத்தில் மூன்று உலக உருண்டைகள் வரவு வைத்திருந்ததைத் தணிக்கையில் பார்த்திருக்கிறேன். அங்கேயும் ஆய்வகத்தில் பியூரெட் கிடையாது.

என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், ஒரு மார்ச் 28ஆம் தேதி, ஆய்வகச் சாமான் வாங்கிய ஒரு பள்ளியின் பட்டியலில் ஓரிடத்தில் அலுவலக முத்திரை விடுபட்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பினேன். விதிப்படி சரிதான். அந்தத் தலைமையாசிரியர் இரண்டு பஸ் மாறி வந்து முத்திரையிட்டுக் கொடுப்பதற்குள் கருவூலத்தில் அந்த ஆண்டுக்கான பட்டியல் வாங்குவதை முடித்துவிட்டார்கள். தொகை சரண்டர் ஆனது, அதாவது அரசுக்கே திரும்பிப் போனது. அவர் என்னைத் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். "பரவால்ல தம்பி, அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு என் மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

பணம் எப்போது வேகமாக வரும் என்பதையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலி நகரில் ஓர் உதவி பெறும் பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு மாநிலம் முழுவதும் பழைய பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள்; 2022-23 பட்ஜெட்டில் ஐந்தாண்டுக்கு 7,000 கோடியில் 18,000 வகுப்பறைகள் அறிவிக்கப்பட்டன. ஒழுகுகிற பியூரெட்டால் யாரும் சாகமாட்டார்கள் என்பதால் அது கோப்பிலேயே இருக்கிறது.

உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதால் ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், ஒன்றியத் தொழிலாளர் நலப் பிரிவின் உதவித்தொகைக்கு நீங்கள் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வகுப்புக்கேற்ப ஆண்டுக்கு 1,000 ரூபாயிலிருந்து 25,000 வரை உண்டு. முன்பு இதற்கென்றே பீடிமீது ஒரு வரி வசூலித்தார்கள். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தனி வரி எடுக்கப்பட்டது. அன்றுமுதல் இந்த நலத்திட்டம் பொதுப் பட்ஜெட்டின் தயவில் இருக்கிறது. முக்கூடல், பாப்பாக்குடிப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் இந்தப் பணத்தை வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டியிருக்கிறார்கள்.

இனி செய்ய வேண்டியவை. உங்களுக்குச் செய்முறைத் தேர்வு பிப்ரவரியில். இயற்பியல் மதிப்பெண்ணில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது. புதிய நியமனத்துக்காகக் காத்திருந்தால் அது தவறிவிடும். ஆகவே "ஆசிரியர் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "அருகிலுள்ள பள்ளியின் முதுகலை இயற்பியல் ஆசிரியரை வாரம் இரண்டு நாள் மாற்றுப்பணியில் அனுப்ப வேண்டும்" என்று கேளுங்கள். முதன்மைக் கல்வி அலுவலரின் ஓர் உத்தரவில் முடிகிற காரியம் இது. கூடுதலாக ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை. ஆகவே பணம் இல்லை என்ற பதிலை அங்கே சொல்ல முடியாது.

மானியக் கணக்கை நீங்கள் கேட்பதைவிட உங்கள் அம்மா கேட்பது நல்லது. கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. குழுவில் இருக்கும் தெருக்காரப் பெண் ஒருவரையாவது அவருக்குத் தெரிந்திருக்கும். கூட்டத்தில் இரண்டே கேள்விகள் போதும்: இந்த ஆண்டு மானிய வரம்பு எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது? சென்ற மூன்று ஆண்டுகளில் ஆய்வகத்துக்கு என்ன வாங்கினீர்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அங்கே நடக்காவிட்டால் ஜனவரி 26 கிராம சபை இருக்கிறது.

மனு எழுதும்போது அரசியலை எழுதாதீர்கள். அதற்கு வேறு இடம் உண்டு. பணியிடம் காலியான தேதி, தற்காலிக ஆசிரியர் வந்த தேதி, நின்ற தேதி, அவருக்கு எத்தனை மாதச் சம்பளம் பாக்கி, முதல் குரூப் மாணவர் எண்ணிக்கை 38, செய்முறைத் தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் எழுதி, மாணவர்களும் பெற்றோரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதி முதன்மைக் கல்வி அலுவலருக்கும், ஒரு பிரதி திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுங்கள். மனு எண்ணுள்ள ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண் இல்லாத மனு எங்கள் மேசைகளில் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நிலுவைச் சம்பளத்தை மறக்காமல் எழுதுங்கள். அது கிடைத்தால் அந்த அக்கா திரும்பி வரவும் கூடும்.

அதுவரை பியூரெட்டின் கண்ணாடித் திருகைக் கழற்றித் துடைத்து, துளையை அடைக்காமல் மெல்லிதாக வாஸலின் பூசி மாட்டச் சொல்லி ஆய்வக உதவியாளரிடம் கேட்டுப் பாருங்கள். திருகு உடைந்திராவிட்டால் நான்கு என்பது ஏழெட்டாகும்.